மொம்பாசாவுக்குப் போன பணம்

ஆப்பிரிக்காவில் வங்கிக் கணக்கே இல்லாதவர்கள் பிட்காயினில் பணம் அனுப்பிக்கொள்கிறார்கள் என்று என் மகள் கைப்பேசியில் வாசித்துக் காட்டினாள். நல்லதா, ஆபத்தா என்று அவளும் மருமகனும் சோறு ஆறும்வரை வாதாடினார்கள். எனக்கோ, பர்மாவின் யாங்கோனிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் பணம் அனுப்ப நான் அலைந்தது நினைவுக்கு வந்துவிட்டது.

பெரும் புயல் அடித்ததற்கு மறு வருடம் அது. யாங்கோனுக்கு ஆற்றின் அக்கரையில், தாகேதாவில் எங்கள் வீட்டுக் கூரையில் பாதி இன்னும் நீலத் தார்ப்பாயாகவே இருந்தது. என் கணவருக்குச் சரக்குக் கப்பலில் இயந்திர அறை வேலை. ஒரு மத்தியானம், தொலைபேசி வைத்திருந்த பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அப்பாலிருந்து கத்தினார். ஓடிப்போய் எடுத்தேன். என் கணவரின் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

“கென்யாவுல, மொம்பாசா ஆஸ்பத்திரில கெடக்கேன். குடல்வால் வெடிச்சிருச்சு. ஒரு தடவ அறுத்தும் உள்ள சீழ் வச்சிருச்சாம். திரும்ப அறுக்கணும். கப்பல் போயிருச்சு. ஏஜெண்டு போன் எடுக்க மாட்டேங்கறான். முன்பணம் கட்டாம தொடமாட்டாங்களாம்.”

“எங்க அனுப்பணும்? யாருக்கு?”

“இது நர்ஸம்மா போனு. நம்பர எழுதிக்க.”

உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். நர்ஸ் பேரோ ஆஸ்பத்திரிப் பேரோ அவர் சொல்வதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. அந்தத் தொலைபேசியிலிருந்து வெளிநாட்டுக்குக் கூப்பிட முடியாது.

மறுநாள் காலை நகர நடுவே கியாக்டடாவில் வெளிநாட்டுக் கணக்கு பார்க்கும் வங்கிக்குப் போனேன். வரிசையில் நின்று சன்னலுக்கு வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். உள்ளே இருந்த பெண் என்னை இரக்கமாகத்தான் பார்த்தாள். “மயாபூ” என்றாள். கிடைக்காது, முடியாது, கூடாது, எல்லாவற்றுக்கும் பர்மாவில் அந்த ஒரு சொல்தான். டாலர் வெளியே போக மேலிடத்து அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும், பொருளாதாரத் தடையால் வெளிநாட்டு வங்கிகள் எங்கள் நாட்டுப் பணத்தைத் தொடமாட்டா. “அவர் செத்துப் போயிருவார்மா” என்றேன் பர்மியத்தில். அவள் எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

சூலே பகோடாவுக்குப் பின்புறச் சந்தில் ஒரு குடைக்கடை இருந்தது. குடையும் விற்பார்கள், உண்டியலும் நடக்கும் என்பது எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். இங்கே பர்மியப் பணமான சாட் கொடுத்தால் வெளிநாட்டில் அந்த ஊர்ப் பணமாகக் கொடுத்துவிடுவார்கள். பிடிபட்டால் சிறை. கடைக்காரர் காயல்பட்டினத்து வழி, என் வாப்பாவுக்குப் பழக்கம். அண்ணன் முறை வைத்து நானா என்றுதான் கூப்பிடுவேன்.

“ஆப்பிரிக்காவா?” என்று நெற்றியைத் தேய்த்தார். “பினாங்கு, மெட்ராஸ், துபாய்னா இப்பவே முடிச்சுருவேன். அங்க நமக்கு ஆளில்லையே தங்கச்சி.”

“ஆளத் தேடுங்க நானா. வேற எங்க போவேன்?”

உள்ளே போய் நெடுநேரம் பேசிவிட்டு வந்தார். பினாங்கில் அவர் மச்சான் இருந்தார், அந்த மச்சானிடம் துணி வாங்கும் வியாபாரி ஒருவர் மொம்பாசாவில் இருந்தார். “பேங்க் கணக்கெல்லாம் வேணாமாம். போன் நம்பர் போதுமாம். அங்க பணம் போனுக்கே வருமாம்.”

“போனுக்குப் பணம் எப்படி வரும்?”

“எனக்கும் வெளங்கல. மச்சான் அடிச்சுச் சொல்றான்.”

எங்கள் ஊரில் ஒரு சிம் அட்டை வாங்குவதற்கு மனை விற்க வேண்டியிருந்த காலம். முகம் தெரியாத ஒருத்தியின் போன் நம்பரை நம்பி என் தங்க வளையல்கள் எல்லாவற்றையும் கொடுப்பதா? தாகேதா சந்தைத் தட்டான் கடையில் அவற்றைக் கழற்றி வைத்தபோதும் அதே யோசனைதான். கிடைத்த சாட் கட்டுகளைக் கூடையின் அடியில் வைத்து, மேலே புளிச்சக்கீரையைப் பரப்பி பஸ் ஏறினேன். பாலத்துக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்திப் போலீஸ்காரர் ஒருவர் ஏறினார். கூடையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். தடியால் கூடையைத் தட்டினார்.

“என்ன இது?”

“கீரை. சோத்துக்கு.”

மேலிருந்த ஒரு கீரைக்கட்டைத் தூக்கி மோந்தார். “வாடிப்போச்சே” என்று போட்டுவிட்டு இறங்கினார். பஸ் பாலத்தைத் தாண்டியதும் கீரையை மறுபடி மேலே பரப்பினேன்.

நானா பணத்தையும் நர்ஸ் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டார். ரசீது கிடையாது. “நாளைக்கு ஒம் மாப்பிள்ளைக்குக் கிடைச்சுரும். போ” என்றார்.

மறுநாள் தொலைபேசி வரவில்லை. அதற்கடுத்த நாள் கடைக்குப் போனேன். பூட்டியிருந்தது. பூட்டின் மேல் அரக்கு முத்திரை. எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒருவர், சட்டை மடிப்புக் கலையாதவர், மஃப்டி போலீஸாகத்தான் இருக்க வேண்டும், என்னையே பார்த்தார்.

“யாரைத் தேடுறே?”

“குடை ரிப்பேருக்குக் குடுத்திருந்தேன்.”

“எத்தன குடை?”

“ஒண்ணுதான்.”

“வேற எங்கயாவது வாங்கிக்கோ.”

மழையில் நனைந்தபடியே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. போலீஸ் பிடித்துப் போவதற்கு முன் நானா பினாங்குக்குப் பேசியிருப்பாரா? கேட்க ஆளில்லை. வீட்டில் தொழுதேன், சமைத்தேன், சாப்பிடவில்லை. பக்கத்து வீட்டுத் தொலைபேசி யாருக்கோ அடிக்கும்போதெல்லாம் வேலிக்கு ஓடினேன். அந்த அக்கா கையை அசைத்து இல்லை என்பார். கடைசியில் நான் ஓட வேண்டாமென்று தன் வீட்டு வாசலிலேயே எனக்கு ஒரு முக்காலி போட்டுவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை தொலைபேசியில் என் கணவரின் குரல் வந்தது. மெலிந்த குரல்தான், ஆனால் அவருடைய குரல்.

“அறுத்தாச்சு. சீழெல்லாம் எடுத்தாச்சு.”

“பணம் வந்துச்சா?”

“நர்ஸம்மா போன எங்கிட்டக் காட்டுனா. ஒரு மெசேஜு, அவ்வளவுதான். தெருமுனைக் கடைக்குப் போயி நோட்டா மாத்தி, கட்டிட்டு வந்து மிச்சத்த எந் தலைமாட்டுல வச்சா. நீ எப்படிப்பா அனுப்புன?”

எனக்கு அழுகை வந்தது. யாராவது ஒட்டுக் கேட்கக்கூடிய தொலைபேசியில் சொல்ல முடியாத விஷயம் என்பதால், “நீங்க வந்ததும் சொல்றேன்” என்று வைத்துவிட்டேன்.

குளிர்காலத்தில் அவர் வந்து சேர்ந்தார், பாதி உடம்பாக. அதற்குப் பிறகும் சில மாதம் கழித்துத்தான் நானாவை வெளியே விட்டார்கள். இருவரும் போய்ப் பார்த்தோம். முடியெல்லாம் நரைத்திருந்தது. என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, “சேர்ந்துச்சா?” என்றுதான் முதலில் கேட்டார்.

“சேர்ந்துச்சு நானா” என்றேன் நான்.

“நீ பணம் குடுத்துட்டுப் போன சாயங்காலமே போலீஸ் வந்துட்டாங்க. அதுக்குள்ள பினாங்குக்குச் சொல்லிட்டேன்.”

“எங்க பணத்தாலதான் புடிச்சாங்களா?” என்று என் கணவர் கேட்டார்.

“யாருக்குத் தெரியும்” என்றார் நானா. அவர் மனைவி தேநீரை எங்கள் முன்னால் வைத்துவிட்டு, எங்கள் முகத்தைப் பார்க்காமலே உள்ளே போனார். நாங்கள் கிளம்பும்வரை அவர் வெளியே வரவில்லை.