பழசு என்று சொல்லிக் கொடுத்த துணிகள்

தென்காசியில் அந்த நாளில் மேஜை இருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மேஜை விரிப்புகளோ வீட்டுக்கு வீடு பெட்டி நிறையக் கிடந்தன. எங்கள் மாதர் சங்கத்தின் சாதனை அது. சனிக்கிழமை மத்தியானம் கூடி, கிளியும் அன்னமுமாகத் தைத்துத் தள்ளுவோம். தலைவி ஒரு வக்கீலின் சம்சாரம். அவர் தைத்த கிளிக்கு மூக்கு கோணியிருந்தாலும் "பறந்துரும் போலல்லா இருக்கு!" என்று நாங்கள் வாயைப் பிளக்க வேண்டும். புருஷனின் உத்தியோகம் பெரிதாகப் பெரிதாகப் பாயில் இடம் முன்னால் நகரும். என் வீட்டுக்காரர் ஆரம்பப் பள்ளி வாத்தியார். எனக்குக் கதவோரம்.

சாரல் தொடங்கினால் சங்கம் குற்றாலத்துக்குக் குடிபெயரும். தலைவி அங்கே ஒரு வீடு பிடித்திருப்பார். அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு உட்கார்ந்து தைப்பார்கள். அந்த ஈரக்காற்றில் ஊசி துருப்பிடித்துத் துணியில் கறை படியும். உடனே ஊசி விற்ற கடைக்காரனுக்கு அர்ச்சனை நடக்கும்.

யுத்த காலத்தில், துணிக்குக் கட்டுப்பாடு வந்திருந்த ஒரு சாரலில், ஊருக்கு மாற்றலாகி வந்த அதிகாரியின் மனைவி சங்கத்தில் சேர்ந்தாள். பாளையங்கோட்டைப் பக்கத்துச் சின்னப்பெண். பெற்ற இரண்டு குழந்தைகளையும் வாரிக்கொடுத்தவள். மறுபடி முழுகாமல் இருந்தாள். பச்சைப் பிள்ளையைப் புதுத்துணியில் கிடத்துவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. பிள்ளை பெற்று வளர்த்தவர்களின் பழஞ்சேலையில் கிடத்தினால் ஆயுசு கெட்டி என்பார்கள். ஆளுக்கொரு பழஞ்சேலைத் துண்டு கொடுத்தால் ஒட்டுப்போட்டு ஒரு விரிப்புத் தைத்துக்கொள்ளலாம் என்று அவள் கூச்சத்தோடு கேட்டாள். இந்தப் பிள்ளையாவது தங்கவேண்டும் என்ற தவிப்பு அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது.

சங்கம் உருகிவிட்டது. அதிகாரி வீட்டுக் காரியமாயிற்றே! என்னை மட்டும் தலைவி ஓரமாகக் கூப்பிட்டு, "நீ ஊசியத் தொடாண்டாம்ட்டி. வெட்டிக் குடு, போதும்" என்றார். எனக்குப் பிள்ளை கிடையாது. குழந்தைக்கான துணியில் என் கைத்தையல் படக்கூடாதாம். தையல் என்று ஒன்றை ஒழுங்காகப் போடத் தெரிந்தவள் அந்தக் கூட்டத்தில் நான்தான். கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

துணிகள் வந்தன. "எங்க மூத்தவன் பொறந்தப்ப கட்டுன சேலை இது" என்று ஒருத்தி தந்தாள். மூத்தவனுக்கு மீசை முளைத்துவிட்டது. துணியில் இன்னும் கஞ்சி போகவில்லை. மொடமொடவென்று கத்தரிக்கோலுக்கு அடங்க மறுத்தது. இன்னொருத்தி தந்தது சரிகைக்கரைப் பட்டு. தலைவி கொடுத்த துண்டின் மூலையில் மில் முத்திரை ஊதாவாகப் பளிச்சென்று இருந்தது. நைந்த சேலையை, தையல் விட்ட சேலையை, நாலுபேர் பார்க்க எடுத்து வைத்தால் கௌரவம் என்னாவது? ஊரெல்லாம் ஒரு முழத் துணிக்கு வரிசையில் நின்ற காலத்தில், இவர்கள் புத்தம்புதுத் துணியை வாங்கிக் கிழித்துப் பழசு என்று கொடுத்தார்கள். அதை வேறு கூசாமல் ஒரு பிள்ளைத்தாய்ச்சியிடம் கொடுத்தார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இதுல மில் முத்திரைகூட அழியலியே?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

தலைவி என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பிள்ள பெத்தவளுக்குல்லா தெரியும், எந்தச் சேலைய எப்பக் கட்டுனோம்னு" என்றார். அத்தனை பேரும் குனிந்து மும்முரமாகத் தைத்தார்கள். அதிகாரியின் மனைவி அந்த முத்திரையைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். பிறகு அவளும் குனிந்து ஊசியில் நூல் கோத்தாள்.

மறுநாள் அவளே என் வீடு தேடி வந்தாள். "அக்கா, ஒங்க பழைய சேல ஒண்ணு தாங்க" என்றாள்.

"எனக்குத்தான் பிள்ளை இல்லையே."

"இருக்கவுங்க எல்லாரும் பொய் சொல்லுதாங்க. நீங்க ஒருத்தர்தான் உள்ளதச் சொன்னீங்க." சொல்லும்போதே அழுதாள். அதை நேற்று அங்கேயே சொல்வதற்கென்ன என்று என் நாக்கு நுனிவரை வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவளிடம் சொல்ல மனம் வரவில்லை. துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப் போயிருந்த புளியங்குடித் தறிச்சேலை ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

பிள்ளை பிறந்தது. தங்கியது. தொட்டில் போடுகிற அன்று சங்கம் முழுவதும் பட்டு சரசரக்க வந்து இறங்கியது. சரிகையும் முத்திரையுமாக அந்த விரிப்பைத் தொட்டிலின் பக்கவாட்டில் எல்லார் கண்ணிலும் படும்படி தொங்கவிட்டார்கள். அதன் விசேஷத்தால்தான் பிள்ளை பிழைத்தது என்று தலைவி வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னார். பிள்ளையின் தாய் தலையாட்டினாள். புருஷனின் உத்தியோகத்துக்கு ஊரில் நல்லபேர் வேண்டாமா? பிள்ளையைத் தொட்டிலில் கிடத்தும்போது தலைவி என் பக்கம் திரும்பி, "நீ கொஞ்சம் பின்னால நில்லுட்டி" என்றார். அதற்கும் அவள் வாயைத் திறக்கவில்லை. பிள்ளைக்கு அடியில் மடித்துப் போட்டிருந்தது என் சேலை. அந்த வீட்டில் அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும். அப்போது எனக்கு அவள்மேல் வந்த வெறுப்பு தலைவிமேல்கூட வந்ததில்லை.

விருந்தாளிகளை வரவேற்க அவள் வாசலுக்குப் போன சமயம் பிள்ளை ஒன்றுக்குப் போய்விட்டு வீறிட்டது. "ஐயோ, விரிப்பு நனைஞ்சிரும்!" என்று பதறி ஓடிய தலைவி, சங்கத்து விரிப்பை உருவி மார்போடு அணைத்துக்கொண்டார். பிள்ளை கத்திக்கொண்டே கிடந்தது. ஈரத்தோடு அதைத் தூக்கினால் கட்டியிருந்த பட்டு பாழாகும். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு அத்தனை தாய்மார்களும் நின்றார்கள்.

பின்னாலிருந்து நான் போய்த் தூக்கினேன். வழிவிட்டார்கள். அப்போது ஒருத்தியும் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை.