எல்லா வண்டியிலும் ஒரே இடத்தில் சிவப்பு அம்பு

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும், அப்புறம்தான் வாய் திறக்கும். அன்றைக்கு ஷோரூமில் இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தது.

"மேடம், இது யூசேஜ் பிராப்ளம்" என்றார் சர்வீஸ் மேனேஜர். என் மின்சார ஸ்கூட்டரின் முன்சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கிற ஃபோர்க்கில், வெல்டிங் வைத்த இடத்தில், தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல். இது இரண்டாவது முறை. முதல் முறை விரிசல் விட்டபோது "உங்க ஊர் ரோடு அப்படி" என்றார்கள். எங்கள் ஊர் ரோடும் அப்படித்தானே! சரி என்று நாங்களே பணம் கட்டிப் புது ஃபோர்க் போட்டுக்கொண்டோம். புதுசும் இப்போது அதே இடத்தில் விட்டிருக்கிறது.

"டிரிபிள்ஸ் போவீங்களா?"

"போவ மாட்டேன்."

"ஸ்பீட் பிரேக்கர்ல ஸ்லோ பண்ணுவீங்களா?"

"பண்ணுவேன்."

"லேடீஸ் பொதுவா ஃப்ரண்ட் பிரேக்க ஜாஸ்தி புடிப்பாங்க மேடம். அதான்."

"நான் பிரேக் புடிக்கறத நீங்க எப்ப சார் பாத்தீங்க?" என்று கத்தியே விட்டேன். என் கணவர் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். கடைக்காரன் அழுகின தக்காளி போட்டாலும் "பரவால்லண்ணா" என்று வாங்கி வருகிற மனுஷன் அவர். "கட்டிட்டுப் போயிடலாம் வா. இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?" என்றார். நான் கட்டவில்லை. வண்டியை உருட்டிக்கொண்டே வெளியே வந்தேன்.

வாசலில் ஓரமாக இன்னொரு வண்டி தூசி படிந்து நின்றது. பார்த்ததும் தெரிந்தது, என் தோஸ்த்தினுடையது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஷூ கம்பெனியில், ஒரே லைனில் வேலை செய்கிறோம். அவள் தைப்பாள், நான் செக்கிங். ஆயுத பூஜை ஆஃபரில் ஒரே மாடலை இரண்டு கலரில் சேர்ந்துதான் வாங்கினோம். போன மாதம் சர்வீஸ் ரோட்டில் அவள் வண்டியின் ஃபோர்க் முறிந்து, அவள் குப்புற விழுந்து, வலது மணிக்கட்டு உடைந்தது. தைக்கிற கை அது. இங்கே கொண்டுவந்து விட்டால், "விழுந்ததாலதான் ஃபோர்க் உடைஞ்சிருக்கு. இது விபத்து வண்டி, வாரண்டி வராது" என்று சொல்லி, கம்ப்யூட்டரிலும் 'விபத்து' என்றே ஏற்றிவிட்டார்கள். பணம் கட்ட வழியில்லாமல் வண்டி அப்படியே கிடக்கிறது.

குனிந்து அவள் வண்டியைப் பார்த்தேன். ஃபோர்க் முறிந்திருந்த இடத்தைப் பார்த்ததும் எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. அடடா, அதே வெல்டிங், அதே பக்கம்! அவள் விழுந்ததால் உடைந்தது என்றால் நான் விழவே இல்லையே, எனக்கு ஏன் அங்கேயே விட்டது?

"இன்னாங்க, இது லைன் டிஃபெக்ட்டுங்க!" என்று நடுரோட்டில் கத்தினேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்காமல் எப்படி இருக்கும்? நாளெல்லாம் நான் செய்வதே அந்த வேலைதான். ஷூ வரும், பார்ப்பேன், குறை இருக்கும் இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவேன். ஒரு ஷூவில் தையல் பிசகினால் அது தைத்தவளிடம் திரும்பிப் போகும். பெட்டி பெட்டியாக எல்லா ஷூவிலும் ஒரே இடத்தில் பிசகினால் தைத்தவளை யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. லைனை நிறுத்தி, மெஷினைத்தான் பிரிப்பார்கள்.

மறுநாள் சாப்பாட்டு மணி அடித்ததும் டிபன் பாக்ஸைக்கூடத் திறக்காமல் கம்பெனி வண்டி ஷெட்டுக்கு ஓடினேன். எங்கள் மாடல் வண்டி எது கண்ணில் பட்டாலும் மண்டி போட்டு, செல்போன் லைட்டை அடித்து முன்சக்கரத்துக்குள் பார்த்தேன். முதல் வண்டியில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில், ஐயோ, இருக்கிறது! மூன்றாவதிலும் இருக்கிறது!

"இன்னாமா, வண்டிக்கடியில கம்மல் கிம்மல் வுழுந்துடுச்சா?" என்று வாட்ச்மேன் ஓடி வந்தார்.

"கம்மல் இல்லண்ணா, விரிசல்!" என்று சொல்லிக்கொண்டே பாக்கெட்டில் கை விட்டேன். ஏப்ரனில் ஸ்டிக்கர் தாள் இருந்தது. பழகின கை, தானாக ஓர் அம்பைப் பிய்த்து விரிசல் மேல் ஒட்டியது. கொஞ்ச நேரத்தில் ஷெட்டே கூடிவிட்டது. "அக்கா, என் வண்டிய பாருக்கா", "எனக்கும்க்கா" என்று ஆளாளுக்கு இழுத்தார்கள். ஒருத்தி தன் வண்டியில் அம்பைப் பார்த்ததும் அழுதேவிட்டாள். தினம் காலையில் குழந்தையை முன்னால் நிற்க வைத்துத்தான் பள்ளியில் விடுகிறாளாம்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கம்பெனி வாசலில் கூடினோம், என் கணவரும் கூட வந்தார். விரிசல் விட்ட வண்டியில் யாரும் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டேன். ஷோரூம் கிட்டேதான், உருட்டியே போனோம். சாமி ஊர்வலம்தான் போங்கள்! டீக்கடையில் நின்ற ஒருவர், "இன்னாக்கா, எல்லாருக்கும் ஒண்ணா சார்ஜ் தீந்துடுச்சா?" என்று கேலி பண்ணினார்.

"சார்ஜ் இருக்குது, பொறுமைதான் தீந்துடுச்சு!" என்றாள் என் தோஸ்த். மாவுக்கட்டுக் கையைத் தூளியில் தொங்கவிட்டபடி அவள்தான் முன்னால் நடந்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஷோரூமில் ஒரு குடும்பம் புது வண்டி எடுக்க வந்திருந்தது. எங்கள் மாடலேதான். மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். நாங்கள் வண்டிகளை வாசலில் வரிசையாக நிறுத்தினோம். எல்லா வண்டியிலும் ஒரே இடத்தில் ஒரே சிவப்பு அம்பு. எனக்கே பார்க்கப் பார்க்க ஆத்திரம் கூடியது.

மேனேஜர் என்னையும் என் கணவரையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். "மேடம், உங்க வண்டிக்கு ஃப்ரீயா மாத்திக் குடுத்துர்றேன். ஸ்டிக்கரெல்லாம் எடுத்துட்டு இவங்களக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்றார். என் கணவர் 'பரவால்ல சார்' என்று சொல்லப்போகிறார் என்று நான் பல்லைக் கடித்தேன். அவரோ, "மத்த வண்டிங்களும் அதே ரோட்லதான சார் ஓடுது?" என்றார். கல்யாணமான இத்தனை வருடத்தில் அந்த மனுஷனைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அவ்வளவு தோன்றியது அன்றைக்குத்தான்.

வெளியே வந்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே பேசினேன். "சார், நாங்க செய்யற ஷூ கிழிஞ்சு திரும்பி வந்தா, போட்டவங்ககிட்ட 'நீ எப்படி நடந்த'ன்னு நாங்க கேக்கறதில்ல. ஒரே எடத்துல கிழிஞ்சிருந்தா கம்பெனிதான் செலவு ஏத்துக்குது. உங்களுக்கு மட்டும் வேற நியாயமா?"

"மேடம், அது மேல கேக்கணும்" என்றார் அவர். வாசலில் நின்ற ஒரு வண்டியைக்கூட அவர் இன்னும் குனிந்து பார்க்கவில்லை.

அப்போது கவுன்டரில் இருந்த பெண் எழுந்து என்னிடம் வந்தாள். என் தோஸ்த் வண்டிக்கு 'விபத்து' என்று தட்டியவள் அவள்தான். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். "அக்கா, ஒரு ஸ்டிக்கர் குடுங்க" என்றாள் மெதுவாக. கொடுத்தேன். கடைக்குப் பின்பக்கம் போனாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு வந்தாள். அதே மாடல். எங்கள் வரிசையின் கடைசியில் நிறுத்தினாள். அதிலும் அதே இடத்தில் அம்பு. அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "சார், நான் டெய்லி இதுலதான் சார் வர்றேன்" என்றாள்.

மேனேஜர் அப்போதுதான் மண்டி போட்டார். அவள் வண்டியைப் பார்த்தார், அடுத்ததைப் பார்த்தார், கடைசியில் மாலை போட்டிருந்த புது வண்டியையும் திரும்பிப் பார்த்தார். அந்தக் குடும்பத்துத் தலைவர் மாலையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். மேனேஜர் எழுந்து மேலிடத்துக்குப் போன் போட்டார். அவரும் அங்கே கத்தினார், எங்கள் காதாலேயே கேட்டோம். திரும்பி வந்து, இந்த மாடல் எது வந்தாலும் ஃபோர்க் மாற்றக் காசு வாங்குவதில்லை, நான் முதலில் கட்டியதும் திரும்ப வரும் என்றார். என் தோஸ்த்தின் கைக்கு ஆன செலவைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும், எழுதிக் கொடுங்கள் பார்க்கலாம் என்றார். அதை நாங்கள் விடவில்லை, இன்னும் விரட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

கவுன்டர் பெண் கம்ப்யூட்டரில் என் தோஸ்த்தின் வண்டி எண்ணைத் தட்டினாள். "அக்கா, 'விபத்து'ன்னு இருக்கறத எடுத்துட்டேன். அந்த எடத்துல இன்னா போடட்டும்?"

என் தோஸ்த் மாவுக்கட்டுக் கையைத் தூக்கிக் கவுன்டர் மேல் வைத்தாள். "நான் வுழல. வண்டி என்னைத் தள்ளிடுச்சு. அப்படியே போடு."

அவள் அப்படியே தட்டினாள்.