சனிக்கிழமைக்கு ஒரு முழங்கால்

எங்கள் பல்கலைக்கழக வளாகத்தின் மருத்துவ நிலையத்தை மாலை நான்கு மணிக்குப் பூட்டுவார்கள். நாலரைக்கு வலைப்பந்தாட்டப் பயிற்சி தொடங்கும். இந்த ஏற்பாட்டைச் செய்த மகானை நான் கண்டதில்லை. வீராங்கனைகள் அலுவலக நேரத்துக்குள் விழுந்து எழும்பிவிட வேண்டும் என்று நினைத்தாராக்கும்.

இறுதியாண்டில், இறுதிப் போட்டிக்கு ஐந்து நாள் இருக்க, பயிற்சியில் என் வலது முழங்கால் திரும்பிவிட்டது. பயிற்றுநர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"உது வெறும் நெரிவு, சுளுக்குத்தான், பிள்ளை. எண்ணெய்க்கட்டுப் போடும். சனிக்கிழமை நீர் இல்லாட்டி ஆர் விளையாடுறது?"

அளவெட்டிப் பக்கமிருந்த, எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் நாட்டு வைத்தியரிடம் அம்மா கூட்டிப்போனார். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, "உள்ளுக்குள்ளை சவ்வு அறுந்திருக்கு. ஆசுபத்திரியிலை படம் எடுங்கோ. விளையாட விடாதேங்கோ" என்றார். அந்தக் கிழமை முழுவதும் புத்தியாகக் கதைத்தவர் அவர் ஒருவர்தான். ஆனால் அவரிடம் முத்திரை குத்திய மருத்துவக் கடிதம் இல்லையே. வளாகத்தில் யார் மதிப்பார்கள்? நானும் மதிக்கவில்லை.

அதே மாதம் கனடாவில், பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியிலிருந்த என் பெரியம்மாவின் மகளான தங்கச்சிக்கும் முழங்கால் போயிருந்தது. அங்கே மைதான ஓரத்திலேயே பிசியோ எனப்படும் இயன்மருத்துவர் ஒருத்தி நிற்பாளாம். அவள் வேண்டாம் என்றால் பயிற்றுநர் வாய் திறக்க முடியாதாம். அடுத்த நாளே ஸ்கான், பிறகு சத்திரசிகிச்சை, ஒன்பது மாதம் ஓய்வு. வீடியோ அழைப்பில் தங்கச்சி விம்மி விம்மி அழுதாள்.

"என்னை விளையாட விடுறாங்கள் இல்லை அக்கா."

"ஒரு நெரிவுக்கே உந்தப் பாடு? இஞ்சை நாங்கள் கட்டோட ஓடுறம்" என்றேன். எவ்வளவு இளக்காரம் எனக்கு! நினைத்தால் இன்றும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

சனிக்கிழமை விளையாடினேன். வென்றோம். கடைசிக் கால்பகுதி ஆட்டத்தில் முழங்கால் முற்றாகக் கைவிட்டது. ஐஸ் கேட்டேன். இருந்தது, பிரதம விருந்தினரின் சோடாவுக்கு. பரிசளிப்பில் இரண்டு பேர் என்னைத் தூக்கி மேடையேற்றினார்கள். எனது தியாகத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசிய அந்த விருந்தினர், பொன்னாடை போர்த்தினார். என்னை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

போன ஆவணியில் தங்கச்சி வந்திருந்தாள். காங்கேசன்துறைக் கடற்கரையில் ஓடிவிட்டு வந்து, மணலில் காலை நீட்டியிருந்த என் பக்கத்தில் மூச்சிரைக்க உட்கார்ந்தாள். என் முழங்காலையே கொஞ்சநேரம் பார்த்தாள்.

"அண்டைக்கு உங்களை ஒருத்தரும் மறிக்கேல்லையோ, அக்கா?"

"மறிக்கிறதோ? எல்லாரும் எழும்பி நிண்டு கை தட்டினவை."