சித்தப்பாவின் போலந்து இழுவை வண்டி

அந்தப் பள்ளி விடுமுறை முழுக்க எங்கள் ஊரான குனோங் ராபாட்டில் மழை. சுண்ணாம்பு மலைகளின் தலைகள் மேகத்துக்குள் போய்விட, எங்கள் வரிசை வீடுகள் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல மங்கலாகத் தெரிந்தன.

சித்தப்பா, சாலையில் நின்றுபோன கார்களை இழுத்துவரும் லாரியை ஓட்டுபவர். இரும்புவடம் அறுந்து அடித்ததில் வலது கை நசுங்கிவிட்டது. கட்டுப் பிரித்த பிறகும் விரல்கள் மடங்கவில்லை. மறுபடி லாரி ஓட்டுவாரா என்று பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். சித்தி அவருக்கு, துண்டு துண்டாக இருப்பதை நாமே பொருத்திச் செய்யும் பொம்மை வண்டிப் பெட்டி ஒன்றை வாங்கிவந்தாள். ஒன்பது வயதுக்காரியான எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"போலந்து பட்டாளத்து வண்டி, பாப்பா," என்றார் சித்தப்பா. "பீரங்கி ரொம்பக் கனம், குதிரையால இழுக்க முடியல. அதான் டாங்கியோட அடிப்பாகத்த எடுத்து இத செஞ்சாங்க. மெதுவாத்தான் போகும். ஆனா சண்டையில டாங்கி படுத்துட்டா இதுதான் போயி இழுத்துட்டு வரணும்லா."

"உங்க லாரி மாதிரியா?"

"அதே வேலதான்."

எங்கோ ஒரு சேற்றுச் சாலையில், பெரிய டாங்கியை இழுத்துக்கொண்டு அது உறுமியபடி வருவதை மழைக்குள் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதன் சங்கிலிப் பட்டைக்குத்தான் நகக்கண் அளவில் எத்தனை துண்டுகள்! ஒவ்வொன்றையும் அடுத்ததில் கொக்கிபோல மாட்ட வேண்டும். சித்தப்பா வலது கையாலேயே ஒரு மாலையில் நான்கைந்து மாட்டுவார். மீதி மேசைக்கடியில் உருண்டுபோகும்.

ஒரு மதியம் அவர் தூங்கும்போது எல்லாவற்றையும் நானே மாட்டி முடித்தேன். எழுந்ததும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"அழகா மாட்டியிருக்கியே."

பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார்.

அழுதுகொண்டே சித்தியிடம் ஓடினேன்.

"அவரு போடட்டும், விடுமா," என்றாள் சித்தி. அவளும் அவர் பக்கம் சேர்ந்துவிட்டாள் என்று, இருவரிடமும் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

பள்ளி திறப்பதற்கு முந்தைய நாள் சித்தப்பா கடைசித் துண்டை மாட்டினார். கொஞ்ச நேரம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாவியை எடுத்துக்கொண்டு தூறலில் வெளியே போனார். பல வாரங்களுக்குப் பிறகு லாரி உறுமியது. மெல்ல நகர்ந்து தெருமுனையைத் தாண்டியது.

சமையலறையில் சித்தி குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

பொம்மையைச் செய்து முடித்ததற்குப் போய் யாராவது அழுவார்களா என்று நினைத்துக்கொண்டே, பள்ளிப் பையில் புத்தகங்களை அடுக்கினேன்.