நியுர்கா துடைத்த பதினாறு ஃபோல்டர்கள்

சியென்ஃபுவேகோஸ் நகரில் நியுர்காவின் வீட்டு முன்னறைதான் கடை. அவள் கொழுந்தன் ஒஸ்னியேல் சனிக்கிழமைதோறும் விடியுமுன் லாரி ஏறி சாந்தா கிளாரா போய், படங்களும் தொடர்களும் நிரம்பிய டிஸ்க் ஒன்றை இரவல் வாங்கி வருவான். தெருக்காரர்கள் கேட்டதை அதிலிருந்து கடை டிஸ்கில் இறக்கிக்கொண்டு, இரண்டு மணி லாரியில் இரவல் டிஸ்கைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

இந்த வாரம் கடை டிஸ்கில் இடமில்லை. அவன் வருவதற்குள் கொஞ்சம் துடைத்து வைக்கலாமென்று நியுர்கா மடிக்கணினி முன் உட்கார்ந்தாள். மவுஸ் செத்துப் பல மாதமாகிறது. கறுப்புத் திரையில் கட்டளை அடித்துத்தான் எல்லாம். ‘சோராய்தா, துருக்கித் தொடர், 41 முதல்’ என்று ஒரு ஃபோல்டர். உள்ளே ஒன்றுமில்லை. ‘எலியாஸெர், பேஸ்பால்.’ அதிலும் ஒன்றுமில்லை. கொடுத்து முடித்தவை போலும் என்று நினைத்தாள். பத்தொன்பது வருஷம் சர்க்கரை ஆலையின் உணவுக் கிடங்கில் இருந்தவள். அங்கே பெட்டி காலியென்றால் வேலை முடிந்தது, வெளியே போகலாம்.

rmdir * என்று அடித்தாள். காலி ஃபோல்டரை மட்டும் எடுக்கும் கட்டளை அது; சரக்கு உள்ளதைத் தொடாது, பயமில்லை. இது காலியில்லை, அது காலியில்லை என்று திரை நெடுகப் புகார்கள். போக மறுத்தவற்றின் பெயரையெல்லாம் சொன்ன கணினி, போனவற்றைப் பற்றி மூச்சுவிடவில்லை. மிர்த்தாவின் ஃபோல்டர் மட்டும் விநோதம்: திறந்தால் ஒன்றுமில்லை, போகவும் மாட்டேனென்றது. இடம் எவ்வளவு கூடியிருக்கிறதென்று பார்த்தாள். கொஞ்சமும் கூடவில்லை. மறுபடி பார்த்தாள். அதே எண்.

பதினொன்றரைக்கு ஒஸ்னியேல் வந்து திரையைப் பார்த்தான்.

“அண்ணி, ஆர்டரெல்லாம் எங்க?”

“எந்த ஆர்டர்?”

“பதினேழு ஃபோல்டர் இருந்துச்சே!”

“காலியா கெடந்துச்சு. எடுத்துட்டேன்.”

அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். “காலியா இருந்தாத்தானே நெரப்ப முடியும்! யார் என்ன கேட்டாலும் அவங்க பேர்ல ஒண்ணு போட்டு வெப்பேன். குடுத்து முடிச்சத அன்னிக்கே தூக்கிடுவேன்.”

“ஒரு காகிதத்துல எழுதி வெச்சா கை தேஞ்சிடுமா?”

“அதான் டிஸ்க்ல எழுதி வெச்சிருந்தேனே!”

“சரி, மிர்த்தாவோடது ஏன் போகல?”

“உள்ள ஏதோ மறைஞ்ச ஃபைல் இருக்கு. அந்தக் குப்பை காப்பாத்திடுச்சு.”

“அப்ப இத்தன எடுத்தும் இடம் ஏண்டா கூடல?”

“காலி ஃபோல்டர் எவ்ளோ இடத்தத்தான் அடைக்கும் அண்ணி?”

அவளுக்குப் பிடிபடவில்லை. கிடங்கில் காலிப் பெட்டிகள்தானே பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. ஆனால் வாதாட நேரமில்லை. கேட்டது இல்லையென்றால் இந்தப் பதினேழு வீடும் பின்தெரு மிசாயெல் கடைக்குப் போய்விடும்; அப்புறம் திரும்பாது. செருப்பை மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஓடினாள்.

“என்ன கேட்டேனா? உனக்குத் தெரியாதா?” என்றார் எலியாஸெர். “ஏதோ பேஸ்பால்னு…” என்று இழுத்தாள். “அது போன மாசம். இப்ப வேற ஏதோ சொன்னேனே…” அவரும் யோசித்தார், அவளும் யோசித்தாள். பேஸ்பால்தான் என்று பார்த்த ஞாபகம் இப்போது அவளுக்கே சந்தேகமாயிற்று. சோராய்தா தெளிவாக இருந்தாள்: “மூணு தொடர் கேட்டேன்டி. மூணும் முழுசா.”

ஒன்றேகாலுக்குத் திரும்பினாள். மிர்த்தாவைச் சேர்த்தால் பதினாறு. ஒஸ்னியேல் பழைய படங்கள் சிலவற்றை அழித்து இடம் பண்ணிவிட்டு, ஒவ்வொன்றாக நிரப்பத் தொடங்கினான்.

“இன்னும் ஒரு வீடு யாருடா? தெருவையே ரெண்டு சுத்து சுத்திட்டேன்.”

அவன் விரல்விட்டு எண்ணினான். நிறுத்தினான். நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

“அண்ணி, அது நீங்கதான். புதன்கெழம கேட்டீங்க.”

“நானா? நான் என்னடா கேட்டேன்?”

“அத எழுதி வெச்சிட்டோம்னுதான் நான் மறந்துட்டேன்.”

வெளியே இரண்டு மணி லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.