வெந்நீர் ஆஸ்பத்திரி

சைகோனில் சீன வியாபாரிகள் தங்கள் சனங்களுக்காகக் கட்டிய ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தேன். எந்த வெயிலிலும் நோயாளிக்கு வெந்நீர்தான். அது சீனர் வழக்கம். பக்கத்து வீட்டுச் சீனப் பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டபோது, அருகிலிருந்த பிரெஞ்சு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். வாசலில் காவல் நின்ற புதுச்சேரிக்காரன், "உங்க வெந்நீர் ஆஸ்பத்திரிக்கே போங்க" என்று விரட்டினான். எங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவள் செத்தாள்.

பிரெஞ்சுக் கொடி இறங்கிய பின் ஊர் திரும்பி, புதுச்சேரி ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு சித்திரை வெயிலில் அந்தப் பாவி காய்ச்சலோடு என் வார்டில் வந்து படுத்தான்.

"நாக்கு வறளுதும்மா, பானைத் தண்ணி குடு."

ஆவி பறக்கும் வெந்நீரை நீட்டினேன்.

"இத எப்படிம்மா குடிக்கிறது?"

"நான் வெந்நீர் ஆஸ்பத்திரிக்காரி. குடிங்க, முசே" என்றேன், பிரெஞ்சுத் துரையை அழைப்பதுபோல்.

அவன் முகம் வெளுத்தது. அவன் பார்க்கப் பார்க்க, பானையிலிருந்து ஒரு சொம்பு மொண்டு அண்ணாந்து குடித்தேன்.