ஒச்சப்பன் வைத்த பெரட்டு

எஸ்டேட் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு ஒச்சப்பன்தான் தலைவர். யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. இலங்கையில் பதுளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் அவர் அப்பா கங்காணி. கப்பலேறி கீழ் கோத்தகிரிக்கு வந்த பிறகு இவர் எஸ்டேட்டில் பெரட்டு எடுக்கும் ஆளானார், அவ்வளவுதான். காலையில் வேலைக்குப் போகும்முன் எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார். சொல்லும் பதிலைத் திருப்பி ஒருமுறை உரக்கச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த பெயருக்குப் போவார். ஆள் வராவிட்டால் அந்த வீட்டிலிருந்து வந்தவர் குரல் கொடுக்கலாம். தன் பெயரையும் கூப்பிடுவார், ஆனால் பதில் சொல்ல மாட்டார். கூப்பிடுகிறவன் பதில் சொன்னால் மரியாதை என்னாவது என்பார். அதனால் அவர் மனைவி சின்னம்மை அக்காதான் தினமும் அவருக்குப் பதில் சொல்லும்.

ரேஷன் கார்டா, ஆஸ்பத்திரியா, மருமகள் சண்டையா, எல்லாவற்றுக்கும் அவர் வாசலில்தான் போய் நிற்க வேண்டும். நிற்கிறவர்களைக் கொஞ்ச நேரம் காக்கவைப்பதில் அவருக்கு ஒரு சுகம். நானே எத்தனையோ தடவை கால் கடுக்க நின்றிருக்கிறேன்.

பிறகு தேயிலை விலை விழுந்தது. எஸ்டேட்டைப் பூட்டினார்கள். எஸ்டேட் லைனில் வந்துகொண்டிருந்த லயத்துக் கரண்ட்டும் அதோடு போயிற்று. ஆம்பளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் பஸ் ஏறினார்கள். பொம்பளைகள் நாங்கள் படகர் தோட்டங்களில் கூலிக்குக் கொழுந்து பறித்தோம். பெரட்டு நின்றதும் ஒச்சப்பன் பாதி ஆளாகிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் கோயமுத்தூரிலிருந்து கருணாகரன் என்ற இன்ஜினியரைக் கூட்டி வந்தார். இதை மறைக்கக் கூடாது, கூட்டி வந்தது அவர்தான். மேலே ஓடையிலிருந்து வாய்க்கால் வெட்டி, குழாயில் தண்ணீரை இறக்கி, கீழே சின்ன மிஷினைச் சுற்றவிட்டால் லயம் முழுக்க விளக்கெரியும். "பைக்காரா பவர் ஹவுஸ்ல பெரிசா நடக்கறது இங்க சின்னதா நடக்குமுங்க" என்றார் இன்ஜினியர். வீட்டுக்கு ஒரு ஆள் வாய்க்கால் வெட்ட வர வேண்டும், எல்லா வீடும் சம்மதிக்க வேண்டும். ஒரு வீடு மறுத்தாலும் வேலை தொடங்காது.

ஒச்சப்பன் பேட்டரி மைக் கட்டிப் பேசினார். "ஓடையில ஒரு சொட்டு கொறையாது!" என்று அடித்துச் சொன்னார். குழாய்க்குள் போகிற தண்ணீர் ஓடையிலும் எப்படி ஓடும்? நாங்கள் நம்பவில்லை.

அவர் வீட்டுக்கு அடுத்த வீட்டு மூக்கம்மா, எங்களோடு கொழுந்து பறிக்கிறவள், புருசன் இல்லாதவள். எடை போடக் காத்திருக்கும்போது அவள் சொன்னாள்: "கொறையும்டி. தொவைக்கிற பாறையில கோடைக்குத் தண்ணி நிக்காது. ஆனா மிஷினுக்குக் கீழ அம்புட்டும் ஓடைக்கே திரும்பிரும். வாங்க, காட்டுறேன். தொவைக்கிற எடத்த அங்க மாத்திக்கிடுவோம்." ஒவ்வொரு வீட்டுப் பெண்ணையும் ஓடைக்குக் கூட்டிப்போய் இடத்தைக் காட்டினாள். குறையும் என்று சொன்னதால்தான் நாங்கள் நம்பினோம்.

அடுத்த தடவை இன்ஜினியர் நேராக மூக்கம்மா வீட்டுக்குப் போய்ப் பிளேன் டீ குடித்தார். ஒச்சப்பன் தன் ஜன்னலிலிருந்து பார்த்தார்.

"நான் கூட்டியாந்த ஆளு, அவ ஊட்ல ஒக்காந்து டீ குடிக்கிறான்" என்று அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டாராம். அதன் பிறகு மனுசனுக்கு வயிறு எரியத்தான் நேரம் சரியாக இருந்தது. அவள் சிரித்தால் எரிந்தது. அவள் வேலியில் மேரக்காய் கொத்துக் கொத்தாகக் காய்த்தால் எரிந்தது. முன்னே தன் வாசலில் நின்றவர்கள் அவள் அடுப்படியில் உட்கார்ந்து பேசுவதைப் பார்த்தால் எழுந்து கதவைச் சாத்துவார். சாத்திவிட்டு இடுக்கு வழியாகப் பார்ப்பார்.

கடைசியில் தான் கொண்டுவந்த திட்டத்துக்குத் தானே எதிரியானார். தீபாவளி லீவுக்கு வந்த ஆம்பளைகளை ஒவ்வொருத்தராகப் பிடித்து, "ஓடை வத்திரும்ப்பா. அடுத்த வருசம் கொடத்தத் தூக்கிக்கிட்டு அலைவீங்க" என்றார். எல்லோரும் "நீங்க சொன்னாச் சரிதான் தலைவரே" என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். அந்தத் தலையாட்டலை நம்பித்தான் அறிவித்தார்: "ஞாயித்துக்கெழம பெரட்டு வெப்போம். வீட்டு வீட்டுக்குச் சம்மதம் கேப்போம். இன்ஜினியரும் வரட்டும்."

எஸ்டேட்டில் ஞாயிறு லீவு, அதனால் திருப்பூர் திரும்பிய ஆம்பளைகளும் அன்றைக்கு வந்துவிடுவார்கள் என்று நினைத்தார். பனியன் கம்பெனியில் ஆர்டர் இருந்தால் ஞாயிறும் கிடையாது என்பது அவருக்குத் தெரியாது.

பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்தக் குரல் எழுந்தது.

"காளிமுத்து!"

காளிமுத்துவின் பெண்டாட்டி மாலதி முன்னே வந்தாள். "அவரு திருப்பூர்ல. எங்க வீடு சம்மதம்."

ஒச்சப்பன் தொண்டையைச் செருமினார். முறை முறைதானே. "காளிமுத்து வீடு, சம்மதம்" என்று திருப்பிச் சொன்னார். "லிங்கசாமி!" அங்கேயும் ஒரு பொம்பளை. ஆறுச்சாமி வீட்டிலும் அப்படித்தான். என் முறை வந்தபோது நானும் சொன்னேன், வேண்டுமென்றே கொஞ்சம் சத்தமாக. பெயர் கூப்பிடக் கூப்பிட அவர் குரல் இறங்கியது. ஆனால் முகத்தில் பயம் இல்லை. தன் வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தார். ஒரு வீடு மறுத்தால் போதுமே.

அவர் முறை வந்தது. மூக்கம்மா நின்ற பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பழைய கம்பீரத்தோடு கூப்பிட்டார்:

"ஒச்சப்பன்!"

மறுப்பைத் தானே சொல்லிவிட வாயைத் திறந்தார். அதற்குள் வரிசையிலிருந்து, இத்தனை வருசமாகச் சொல்லிவந்த அதே இடத்திலிருந்து, சின்னம்மை அக்கா சொன்னது: "சம்மதம்."

திரும்பி முறைத்தார். "ஏய்..."

"கூப்புடுறவங்க பதில் சொல்லக் கூடாதுங்களே. இருட்டுல அடுப்பு பத்தவெச்சது போதும்."

லயமே அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. இன்ஜினியரும் பார்த்தார். வேறு வழியில்லை.

"ஒச்சப்பன் வீடு..." என்றார். "சம்மதம்."

சொல்லிவிட்டு, தோற்றுப்போன முகத்தை மூக்கம்மா பார்த்துவிட்டாளா என்று அவசரமாகத் திரும்பினார். அவள் இந்தப் பக்கமே பார்க்கவில்லை. யார் யார் வீட்டில் மண்வெட்டி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.